மல்லாட்டையைப் பிடுங்கிப் பார்த்தவர்கள்

கேப்பர் மலையில் என் மனைவிக்கு அவள் அப்பா விட்டுப்போன அரை ஏக்கர் இருக்கிறது. சும்மா கிடக்கும் நிலத்தைப் பிளாட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றான் சிதம்பரத்தில் இருக்கும் அவள் தம்பி. இவள் முடியாது என்றாள். "ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டுக்கா, அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றான். நான் அப்போதுதான் கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அந்தக் குடும்பத்தில் சும்மா கிடந்த இரண்டாவது சொத்து நான்.

மார்கழியில் மல்லாட்டை விதைத்தோம். மற்ற ஊர்களில் இதை வேர்க்கடலை என்கிறார்கள். பழைய பழக்கத்தில் ஒரு ஃபைல் போட்டேன். எட்டாம் நாள் முளைப்பு. இருபதாம் நாள் களை. இருபத்தெட்டாம் நாள் மஞ்சள் பூ. பூ வாடியதும் அங்கிருந்து ஊசி மாதிரி ஒன்று நீண்டு மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. நாற்பத்தைந்தாம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். இனி செடியை அசைத்தால் ஊசி அறுந்துவிடும், யாரும் தொடக்கூடாது என்று களை வெட்ட வந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். அதையும் எழுதி அடிக்கோடிட்டேன்.

அறுபதாம் நாளிலிருந்து செடியைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

நெல் என்றால் கதிரைப் பார்க்கலாம். முந்திரி என்றால் அண்ணாந்து பார்க்கலாம். மல்லாட்டையை நம்பித்தான் ஆக வேண்டும். முப்பது வருஷ சர்வீஸில் எனக்கு அது மட்டும் பழகவில்லை. காயை உடைத்தால் உள்ளே தண்ணீர். மறுநாள் வேறு செடி, அதிலும் தண்ணீர். போகிற வருகிறவர்களும் ஆளுக்கொன்று பிடுங்கினார்கள். எங்கள் பக்கம் அது திருட்டில் சேராது, நலம் விசாரிப்பது. நின்றபடியே தின்றுவிட்டு, "இன்னும் பத்து நாள் போவணும்" என்று தீர்ப்பும் சொன்னார்கள்.

என் வண்டிப் பெட்டியில் மண்ணும் தோலுமாகக் கிடந்ததை ஒருநாள் மனைவி பார்த்துவிட்டாள். அதற்குள் பாதையோரம் இரண்டு பாத்தி மொட்டையாகியிருந்தது.

"தம்பிகிட்ட நான் என்னத்தக் காட்டுறது?" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து வயலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பிடுங்க வந்தவர்களிடம் மருந்து அடித்திருக்கிறது என்று பொய் சொன்னேன்.

பங்குனிக் கடைசியில், அறுவடைக்காக முந்தின நாளே தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி வைத்திருந்தபோது, தம்பி வந்தான். மொட்டைப் பாத்திகளைப் பார்த்து, "என்ன மாமா, ஆடு பூந்துடுச்சா?" என்றான்.

ஆமாம் என்றேன். மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

அவன் நடுவயலுக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கினான். கொத்தாக வந்தது. ஒரு காயை உடைத்துத் தோலின் உட்புறம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தான். கறுத்திருந்தது, முற்றிவிட்டது. பருப்பை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றான்.

"வெதைக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிடுக்கா," என்றான். "அடுத்த மார்கழிக்கு வெளியில வாங்க வேணாம்."

மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினாள். அந்த நூற்றைந்து நாளில் அவள் பிடுங்கிய முதல் செடி அதுதான்.