மாமனாருக்கு ஒரு மியூசிக் பிளேயர்

என் மாமனாருக்குப் பாட்டு கேட்க ஒரு சின்னக் கருவி வேண்டும். விஷயம் அவ்வளவுதான். கடையில் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நான்தான் அதைப் பெரிய ஆராய்ச்சியாக்கி, கடைசியில் என் மானத்தை நானே கப்பலேற்றிக்கொண்டேன்.

மாமனார் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே போனவர், அங்கேயே தங்கிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் காலையிலேயே டிவியில் சீரியலைப் போட்டுவிடுவாராம். இவருக்குப் பழைய பாட்டு வேண்டும். நாங்கள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனில் அவர் எதையோ தொடப்போக, யார் யாருக்கோ வீடியோ கால் போயிற்று. என் மனைவி வேலை செய்யும் பள்ளியின் தலைமையாசிரியை ஒருநாள் போனை எடுத்துப் பார்த்தால், திரை முழுக்க இவருடைய மூக்கு. அதோடு மாமனார் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். பாட்டு மட்டும் பாடுகிற மாதிரி ஏதாவது இருந்தால் வாங்கிக் கொடு என்று மகளிடம் கேட்டிருக்கிறார்.

அவர் ஏன் எங்களோடு இல்லை என்று யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லப் பதில் தயாராகவே வைத்திருந்தேன். சேலையூரில் எங்கள் ஃபிளாட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் நாங்கள் படுக்கிறோம். இன்னொன்று என்னுடைய பாட்டு அறை. சுவரெல்லாம் ஃபோம் ஒட்டி, ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டை நிறுத்தி, நடுவில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அப்பாவை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று என் மனைவி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவளாகவே இல்லத்தைத் தேடினாள், அவளாகவே போய்ப் பார்த்தாள், எனக்குத் தகவல் சொன்னாள். அது அவளுடைய பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

சிநேகிதர்கள் என்றால் சவுண்டுப் பைத்தியங்கள். தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வரை சிதறிக் கிடக்கும் சில பேர். புதிதாக ஒரு பிளேயரோ இயர்போனோ வந்தால், முதலில் வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்க வைக்க வேண்டும். அதில் ஒரு மரியாதை உண்டு. முதலில் கேட்பது நான். நான் காதிலிருந்து கழற்றி வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் பேசமாட்டார்கள். யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. ‘சாருக்குத் தங்கக் காது’ என்பார்கள். நானும் கூச்சப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கையடக்கமான ஒரு புது பிளேயர் வெளிவந்தது. நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் ஒருவர் வந்தவுடனே வாங்கிவிட்டார். போனும் கிடையாது, சிம்மும் கிடையாது, பாட்டு மட்டும். மாமனாருக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றியது. என் மனைவியும் வருகிறேன் என்றாள். அப்படியே கோவளம் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்று ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழியில் அவள் எதுவும் பேசவில்லை. கொஞ்ச காலமாகவே வண்டியில் பேசுவதை விட்டிருந்தாள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

நாவலூர்க்காரர் வீட்டு ஹாலில் பிளேயரை டீப்பாய் மேல் வைத்திருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அலுமினிய உடம்பு, கையில் எடுத்தால் நல்ல கனம். பக்கவாட்டில் அரிசி அரிசியாகப் பட்டன்கள். மேடவாக்கத்திலிருந்து வந்திருந்த வங்கிக்காரர் பாட்டரியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பட்டன்களைத் தடவிப் பார்த்தாள். அப்பாவுக்குக் கை நடுங்குமே, இதைப் பார்க்காமலே அமுக்க முடியுமா, எழுத்து இன்னும் பெரிதாகத் தெரியுமா என்று கேட்டாள். நியாயமான கேள்விகள். அங்கே அன்றைக்குக் கேட்கப்பட்டவற்றிலேயே உருப்படியான கேள்விகள் அவைதான். பட்டன் பார்க்க வந்தாயா, பாட்டு கேட்க வந்தாயா என்று நான் கிண்டலடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு பிளேயரைக் கீழே வைத்தாள்.

நாவலூர்க்காரர் இயர்போனைச் செருகி என்னிடம் நீட்டினார். நான் எப்போதும் ஒரே கச்சேரிப் பதிவைத்தான் கேட்டுப் பார்ப்பேன். இடது பக்கம் வயலின், வலது பக்கம் மிருதங்கம், நடுவில் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆலாபனை முடிந்து பல்லவி வரும்வரை கேட்டேன். பிறகு கழற்றிவிட்டு ஆரம்பித்தேன் பாருங்கள், அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. எங்கள் பாஷையில் ‘மேடை’ என்கிற, பாட்டு விரிந்து கேட்கிற அகலத்தைப் பற்றிப் பேசினேன். வயலின் இடது தோளுக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கிறது என்றேன். இத்தனூண்டு பெட்டியில் இப்படி இரண்டு பக்கமும் பிரிந்து கேட்பது அபூர்வம் என்றேன். வில் தந்தியில் படுகிற சத்தம்கூடத் தெரிகிறதாம் எனக்கு.

அடுத்து நாவலூர்க்காரர் இயர்போனை மாட்டிக்கொண்டார். பிளேயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஆமாம் சார், நன்றாக இருக்கிறது என்று வங்கிக்காரரிடம் கொடுத்தார். அவர் ஒரு பக்கத்தை அழுத்தினார், எடுத்தார், மறுபடி அழுத்தினார். கடைசியில், சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். நான் மாப்பிள்ளை மாதிரி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வங்கிக்காரர் இயர்போனை என் மனைவியிடம் கொடுத்தார்.

அவள் மாட்டின உடனே சொன்னாள்.

“என்னங்க, லெஃப்ட்ல ஒண்ணுமே வரலையே.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கு மாட்டத் தெரியவில்லை, மாற்றி மாட்டிப் பார் என்றேன். அவள் பொறுமையாக இரண்டையும் மாற்றி மாட்டினாள். இப்போது ரைட்டில் வரவில்லை என்றாள். நாவலூர்க்காரர் அவசரமாகக் குனிந்து, ஜாக் முழுதாக உள்ளே போகவில்லை மேடம் என்று ஒரு அழுத்து அழுத்தினார். டிக்கென்று சத்தம் வந்தது. இப்போது இரண்டிலும் வருகிறது என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன். வங்கிக்காரர் மெட்ரோ வேலையால் ரோடு கெட்டுக் கிடப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாவலூர்க்காரர் காபி போட உள்ளே போனார். இவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. ஒரு பக்கம் செத்துக் கிடந்த இயர்போனை மாட்டிக்கொண்டு அதன் அகலத்தைப் பற்றி நான் உளறியதை, மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை கேட்கிறேன் என்று வாங்கி மாட்டிக்கொண்டேன். பாட்டு ஓடியது. இடது பக்கத்தைக் கழற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. அதைத் திரும்ப மாட்டிவிட்டு வலது பக்கத்தைக் கழற்றினேன். பாட்டே இல்லை. எங்கோ அடுத்த தெருவில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான். நிமிர்ந்தால் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன் என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

காது எப்போது போனது என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டும். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். அந்த வயலின் எனக்கு மனப்பாடம். காதில் விழாவிட்டாலும் மண்டை அதை வாசித்துவிடுகிறது. வாய்க்குள்ளேயே பேசாதே, தெளிவாகச் சொல் என்று வீட்டில் அவளை எத்தனை தடவை கடிந்துகொண்டிருக்கிறேன்! அவள் தெளிவாகத்தான் பேசியிருக்கிறாள்.

காபியைக் குடித்தும் குடிக்காமலும் எழுந்து வந்துவிட்டேன். கோவளத்தில் அவள் மீன் வாங்கப் போனாள். நான் வண்டியோடு ரோட்டோரத்தில் நின்றேன். தோளில் யாரோ தட்டினார்கள். திரும்பினால் தலையில் மீன் கூடையோடு ஒரு அம்மா.

“இன்னாண்ணா, எம்மா நேரமா கூப்டுகினு கீறேன், காது கேக்கலையா? வண்டிய அப்பால தள்ளு.”

இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்றைக்குப் பேசாமல் வண்டியைத் தள்ளி நிறுத்தினேன். மீன் பையோடு வந்துகொண்டிருந்த என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டேதான் வந்தாள்.

எந்தக் காது என்று கேட்டாள். இடது என்றேன். அவள் வண்டியின் பின் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புடவை கட்டிக்கொண்டு வண்டியில் வருகிறவள், எப்போதும் இடது பக்கம் கால் போட்டு ஒருக்களித்துத்தான் உட்காருவாள். ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்கட்டும் என்று என் இடது தோளுக்கு மேல் குனிந்துதான் பேசுவாள்.

“அப்ப அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்ப நான் கேட்டது?”

என்ன கேட்டாய் என்றேன். அவள் சொன்னாள். அப்பாவை டிஸ்சார்ஜ் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னிடம் கேட்டிருக்கிறாள். அப்பாவை நம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா, அந்த அறையில் ஒரு கட்டில் போட இடமிருந்தால் போதும் என்று. நான் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஓட்டியிருக்கிறேன். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோதும் என் வாயிலிருந்து ஏதாவது வருமா என்று காத்திருந்திருக்கிறாள். வரவில்லை. மறுநாளே இல்லம் தேட ஆரம்பித்துவிட்டாளாம்.

ஏன் திரும்பக் கேட்கவில்லை என்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது.

“எதுக்குக் கேக்கணும்? நீங்க அப்படித்தான்னு எனக்குத் தெரியுமே.”

கோபமாகச் சொல்லவில்லை. பால்காரர் நாளைக்கு வரமாட்டார் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அப்படியே வெட்கத்தில் கூனிக் குறுகிப்போனேன். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லாததையே என் பதிலாக எடுத்துக்கொண்டு, அது எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவள் நம்பியிருக்கிறாள். அவர் அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டு யாரோ ஒருவருடைய சீரியலைக் கேட்டுக்கொண்டிருக்க, நான் இங்கே ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து அகலத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் வந்தது. தப்பு காதின் மேல், என் மேல் இல்லை! நான் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குக் கேட்கவே இல்லை என்று மூன்று நான்கு விதமாகச் சொன்னேன். அவள் அதை நம்பினாள். முகம் தெளிந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தை அப்படிப் பார்த்தேன்.

மீன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து என் வலது பக்கம் நின்றாள். சத்தம் போடாமல், பக்கத்தில் வந்து கேட்டாள்.

“இப்ப கேக்குறேன். அப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாமா?”

நன்றாகக் கேட்டது. கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் விசில், பேரம் பேசுகிற குரல்கள், அத்தனைக்கும் நடுவில் அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தவறாமல் கேட்டது. எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. ஸ்பீக்கர்களை எங்கே கொண்டு போய் வைப்பது என்று யோசித்தேன். ஃபோமைப் பிய்த்தால் பெயிண்டோடு வந்துவிடுமே என்று யோசித்தேன். அதற்கப்புறம்தான் அவரை நினைத்தேன்.

“முதல்ல அந்தப் பிளேயரை வாங்கிக் குடுத்துடலாம்,” என்றேன். “மத்தத அப்புறம் பாக்கலாம்.”

சரி என்றாள். வண்டிக்குப் பின்னால் சுற்றிப் போய், வழக்கம்போல் ஒருக்களித்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். கேளம்பாக்கம் வரை இடது பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவள் உதடு அசையவே இல்லை.