நாலு வருஷம் இருப்பேன் என்று சொன்ன கோச்

வெர்லன் டில்லரி ஒருநாள்கூடத் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. அலபாமாவில் அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், உனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். இங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையால் எறிந்து, முட்டி மோதி ஆடுகிற அமெரிக்க ஆட்டம். கல்லூரிக் கால்பந்தில் ஜெயித்தால் தலைமைப் பயிற்சியாளரைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் தலைவரோடு சேர்த்து உதவியாளர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். வெர்லன் யார் தோளிலும் ஏறியதில்லை. வேலை போய் ஊர் மாறியது மட்டும் பலமுறை.

ஊர் மாறும்போதெல்லாம் சாமான்களைக் கட்டியவள் அவர் மனைவி நெல்டா. கல்யாணமான புதிதில் சமையலறை ஜன்னலுக்கென்று மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை ஒன்றைத் தைத்து மாட்டினாள். அடுத்த வருடமே தலைவருக்கு வேலை போனது. அன்று பெட்டிக்குள் போன சீலை பிறகு வெளியே வரவேயில்லை. "மாட்டினா உடனே கழட்டணும். அதுக்கு அங்கயே கிடக்கட்டும்" என்பாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

பந்தை எறிகிறவனின் பெயர் ஊருக்கே தெரியும். அவன்மேல் எதிராளி பாயாதபடி முன்னால் நின்று முட்டித் தள்ளும் ஐந்து தடியன்களின் பெயர் அவரவர் வீட்டாருக்குத்தான் தெரியும். அந்த முன்வரிசைக்கு ஆள் பிடிப்பதும் அவர்களைப் பழக்குவதும் வெர்லனின் வேலை. ஆள் பிடிக்கப் போகிற மற்ற பயிற்சியாளர்கள் பையன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கோப்பை வென்றதற்குக் கிடைத்த மோதிரத்தைப் பையனின் அப்பாவுக்குக் காட்டுவார்கள். வெர்லனிடம் மோதிரம் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தட்டுக் கழுவப் போய்விடுவார். பையன் தானாக எழுந்து வந்து ஈரத்தட்டைத் துடைத்தால், அவனைப் பழக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. அம்மாவைக் கழுவவிட்டு டிவி பார்க்கிறவன் எத்தனை பெரிய பலசாலியானாலும் அவருக்கு வேண்டாம். இதை வைத்து மற்றவர்கள் செய்த கேலிக்கு அளவே இல்லை. ஆனால் அவர் பழக்கிய வரிசை உடைந்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

லட்லோ கல்லூரியில் இருந்தபோது அப்படித்தான் ஒடெஸா பெட்வேயின் வீட்டுக்குப் போனார். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைக்கிற அம்மாள். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் டெரிக், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். கோழி வறுவலும் கீரையும் சோளரொட்டியும் முடிந்து, வெர்லன் கழுவ, டெரிக் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முட்ட விடுறதுக்குன்னு கூட்டிட்டுப் போறீங்க. முழங்கால் போயிட்டா யாரு பார்ப்பா? படிப்பு முடியுற வரைக்கும் இவன்கூட யாரு இருப்பா கோச்?" என்று கேட்டாள் ஒடெஸா.

"நான் இருப்பேன் மிஸ் ஒடெஸா. நாலு வருஷமும்."

அந்தத் தொழிலில் பழுத்தவர் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். உதவிப் பயிற்சியாளர் நாலு வருடம் இருப்பேன் என்பது வாடகை வீட்டில் மரம் நடுகிற மாதிரிதான். ஆனால் சொன்னபோது அவர் மனதாரத்தான் சொன்னார். அந்த அம்மாளும் நம்பிவிட்டாள்.

எந்தக் கல்லூரியில் சேருகிறோம் என்று பையன்கள் கையெழுத்துப் போடும் நாள் பிப்ரவரியின் முதல் புதன்கிழமை. போட்டுவிட்டால் பிறகு மாற முடியாது. அதற்கு முந்தைய வெள்ளியன்று பக்கத்து மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று வெர்லனைக் கூப்பிட்டது. முன்வரிசை முழுவதும் அவர் பொறுப்பு. நெல்டாவின் தங்கை இருக்கும் ஊர். இனிமேல் ஊர் ஊராக அலைய வேண்டாம் என்கிற மாதிரி வேலை. நெல்டா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து திரைச்சீலையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. லட்லோவின் தலைமைப் பயிற்சியாளர் பிராக் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: "புதன்கிழமை பசங்க கையெழுத்து ஃபேக்ஸ்ல வந்து சேரட்டும். அப்புறம் நீ கிளம்பு. அதுவரைக்கும் வாயை மூடிட்டு இரு வெர்லன்." புது இடத்துத் தலைவரும் அதையே சொன்னார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பையன் கையெழுத்துப் போட்ட பிறகு அவனைச் சேர்த்தவர் காணாமல் போவது அந்தத் தொழிலில் ஒரு சடங்கு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும் வெர்லன் கார் சாவியை எடுத்தார். திங்களிலிருந்து புதன்வரை எந்தப் பயிற்சியாளரும் எந்தப் பையன் வீட்டுக்கும் போகக்கூடாது என்று விதி. அன்றைக்கு விட்டால் முடியாது.

"பெட்வே வீட்டுக்கா?" என்றாள் நெல்டா.

"ஆமா."

"போன்ல சொல்லித் தொலையேன்."

"அவங்க அடுப்பங்கரையில நின்னு குடுத்த வாக்கு நெல்டா. போன்ல எப்படித் திருப்பிக் கேக்குறது?"

"ஊர்ல ஒருத்தன் இப்படிப் பண்றானா? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கத்தினாள். பிறகு அவளும் கோட்டை மாட்டிக்கொண்டாள். "தனியா விட்டா அந்தம்மாவுக்குக் கூரை வேஞ்சு தரேன்னு வேற சொல்லிட்டு வருவே. நானும் வரேன்."

அந்த வேலையும் தங்கையும் தன் கையைவிட்டுப் போவது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஒடெஸா அவர்களை உட்காரச் சொன்னாள். வெர்லன் உட்காரவில்லை. "மிஸ் ஒடெஸா, நாலு வருஷம் இருப்பேன்னு சொன்னேன். இருக்க மாட்டேன். வேற இடத்துல கூப்பிட்டிருக்காங்க. தெரிஞ்சுக்கிட்டு டெரிக் கையெழுத்துப் போடட்டும். லட்லோ நல்ல காலேஜ்தான், படிப்பு எங்கயும் போகாது. நான்தான் இருக்க மாட்டேன்."

ஒடெஸா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புதன்கிழமைக்கு அப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"அப்படிச் சொல்றதுதானே உங்க ஆளுங்க வழக்கம்?"

"ஆமா மேம்."

அவள் நெல்டா பக்கம் திரும்பினாள். "இவரோட எப்படிம்மா குடும்பம் நடத்துறே?"

"பெட்டியைப் பிரிக்காமத்தான்" என்றாள் நெல்டா. சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒடெஸா ஒரு தட்டில் வாழைப்பழப் புட்டிங்கை வைத்து அவள் கையில் கொடுத்தாள்.

புதனன்று டெரிக்கின் கையெழுத்து வரவில்லை. காரணத்தைத் தெரிந்துகொண்ட பிராக் அன்று மதியமே வெர்லனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, பெரிய பல்கலைக்கழகத்துக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அங்கிருந்து பதில் வந்தது: மூன்று நாள் வாயைக் கட்ட முடியாத ஆள் எங்களுக்கு வேண்டாம். ஒரே நாளில் இரண்டு வேலையும் போயின. நெல்டா இஸ்திரி போட்ட சீலையை மடித்துப் பழைய பெட்டியில் வைத்தாள். வெர்லன் வந்து பக்கத்தில் நின்றார். "தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டார். அவள் பெட்டியை மூடினாள். "பண்ணலே. அதான் எரிச்சலா வருது" என்றாள்.

அந்தப் புதனன்று கையெழுத்துப் போடாத பையன்கள் ஏப்ரல் வரை போடலாம். மார்ச்சில் ஒருநாள் வெர்லனுக்குப் போன் வந்தது. பைன் ஃபோர்க் என்ற சின்னக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் ஹாரெல். நெல்டா வீட்டில் அதே லைனில் இருந்த இன்னொரு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்யா டில்லரி, பெட்வே வீட்டம்மாவுக்கு என்ன மருந்து வச்சே? மோதிரத்தைக் காட்டினேன், மைதானம் போட்டோவைக் காட்டினேன். எதையும் பார்க்கல. 'பாத்திரம் கழுவுற கோச் ஒருத்தர் வேலையில்லாம இருக்காராம். அவரை எடுத்தா என் பையன் வருவான்'னுது அந்தம்மா. எனக்கு அந்தப் பையன் வேணும். வர்றியா?"

வெர்லன் வாயைத் திறக்குமுன், "வருவார்" என்றாள் நெல்டா இன்னொரு போனில்.

பைன் ஃபோர்க் பெரிய இடமில்லை. வெர்லன் அங்கே நாலு வருடம் இருந்தார். இடையில் நல்ல இடத்திலிருந்து அழைப்பு வந்தபோது அவர் நெல்டாவைக் கேட்காமலே வேண்டாம் என்றுவிட்டார், அவளும் பெட்டியைத் தேடவில்லை. இப்படி ஒரு ஆளைத்தான் நான் பெரிய மனிதர் என்பேன். கோப்பைகளை வேறு யாராவது எண்ணிக்கொள்ளட்டும்.

கடைசி வருடம், படிப்பு முடிக்கும் பையன்கள் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்து வரும் நாள். டெரிக் அம்மாவோடு நடந்தான். அப்பாவின் இடம் காலியாக இருந்தது. ஒடெஸா பாதிவழியில் நின்றுவிட்டாள். ஓரத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற வெர்லனைப் பார்த்து, "வாங்க கோச். எவ்வளவு நேரம் நிக்குறது?" என்று சத்தம் போட்டாள். உதவிப் பயிற்சியாளர்கள் அந்த நடையில் சேருவதில்லை. வெர்லன் போனார். அரங்கில் கைதட்ட எழுந்த நெல்டாவுக்குக் கண்ணைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.

அன்று எல்லோரும் நெல்டா வீட்டில் சாப்பிட்டார்கள். வெர்லன் கழுவினார், டெரிக் துடைத்தான். ஒடெஸா ஜன்னலில் தொங்கிய மஞ்சள் சீலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"குட்டையா இருக்கேம்மா."

"வேற வீட்டுக்குத் தைச்சது. நாலு வருஷமா இங்கதான் தொங்குது" என்றாள் நெல்டா.