எங்கள் வீட்டு முதல் பட்டதாரி

ஜெராக்ஸ் மெஷினில் இருந்து அப்போதுதான் வெளியே வந்த பேப்பருக்கு ஒரு இளஞ்சூடு இருக்கும். கரண்ட் எப்போது போகும் என்றே தெரியாத ஒரு மே மாதத்தில், நாமக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் அந்தச் சூட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது...

நீட் வருவதற்கு முந்தைய காலம். எம்.பி.பி.எஸ். சேர பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். பயாலஜியை நூறுக்கும், பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் சேர்த்து நூறுக்கும் மாற்றிக் கூட்டினால் கட் ஆஃப். என் கட் ஆஃபை நான் கூட்டிப் பார்த்ததைவிட அப்பாவின் லாரி ஆபீஸில் கூட்டிப் பார்த்தவர்கள் அதிகம். "கெடைச்சுரும்" என்று பாதிப் பேர். "கொஞ்சம் இழுக்கும்" என்று மீதிப் பேர்.

அப்பா லாரி டிரைவர். அஸ்ஸாம் லைன். போனால் வர மாதக்கணக்காகும். எனக்காக அந்த முறை ஒரு டிரிப்பை விட்டுக்கொடுத்துவிட்டு ஊரில் இருந்தார். விண்ணப்பம் வாங்க டிடி எடுக்கவே பேங்கில் அரை நாள் ஆனது. அப்புறம் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, ஹெட்மாஸ்டரின் பச்சை மை கையெழுத்து போட்ட நகல்கள்... எல்லாவற்றையும் லாரி பர்மிட் வைக்கிற ரெக்சின் பையில் போட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பார்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது முதல் பட்டதாரி சான்று. குடும்பத்தில் யாருமே டிகிரி முடிக்கவில்லை என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசு கல்லூரி கிடைத்தால் எப்படியாவது கட்டிவிடலாம். தனியார் கல்லூரியில் அரசு இட ஒதுக்கீடு என்று வந்தால், அந்தச் சலுகை இல்லாமல் எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

"எங்க வம்சத்துலயே மொதோ டிகிரி எம்பொண்ணுதானுங்க" என்று டிடி கொடுத்த பேங்க் அம்மாவிடம்கூடச் சொன்னார்.

சான்றுக்காக அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் வி.ஏ.ஓ. ஆபீஸ் போனோம். குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை என்ற உறுதிமொழியை வி.ஏ.ஓ. சத்தமாகப் படித்துக் காட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கினார். போடவில்லை.

"என்ன, பேனா எழுதலயா?" என்றார் அப்பா.

"எழுதுதுங்க."

"அப்பறம்?"

"நான் பி.ஏ. ஹிஸ்டரி முடிச்சிருக்கறனுங்க. தபால்ல."

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கே அப்போதுதான் தெரியும் என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"எப்ப?" என்றார்.

"பாப்பா ஒண்ணாப்பு போறப்ப முடிஞ்சுதுங்க. அக்கா ஊட்டுக்குப் போறேன்னு போவனில்லீங்க... அப்ப."

குமாரபாளையத்தில் பெரியம்மா வீடு. சின்ன வயதில் வருடா வருடம் அங்கே போய்ச் சில நாள் இருப்போம். அம்மா காலையில் என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டு வருவார். எனக்கு அந்த நாட்களில் நினைவிருப்பது காவிரி மீன் வறுவல்தான். நான் மீன் தின்றுகொண்டிருந்தபோது அம்மா பாலம் தாண்டி பவானிக்குப் போய், முகலாயர்களைப் பற்றிப் பரீட்சை எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்.

வி.ஏ.ஓ. பேப்பரை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதுவரைக்கும் நாங்களா விசாரிச்சுத்தான் கண்டுபுடிச்சிருக்கறோம். தானா சொன்னது நீங்கதாங்கம்மா" என்றார்.

"அப்ப அந்த சர்ட்டிபிகேட் வேண்டாங்க சார்" என்று அப்பா எழுந்துவிட்டார்.

எனக்கு அழுகை முட்டியது. அம்மா மேல் கோபம், சீட்டைப் பற்றிய பயம், எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்துக் கரும்பு ஜூஸ் கடையில் அப்பா மூன்று டம்ளர் சொன்னார். தன்னுடையதைக் குடித்து முடித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"படிக்கறேன்னு சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. பெயிலாயிட்டா ஊரே கேக்குமில்லீங்க. பாஸானதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க லைன்ல இருந்தீங்க. வந்தப்ப வண்டி ரிப்பேருன்னு ஒரே ரோதனை... அப்படியே போயிருச்சுங்க."

அப்பா காலி டம்ளரை மேடையில் வைத்தார்.

"என்ன கிளாஸு?"

"செகண்ட் கிளாஸுங்க."

ஜூஸ் பிழிந்துகொண்டிருந்தவர் பக்கம் திரும்பினார் அப்பா. "இவங்க பி.ஏ.ங்க. ஹிஸ்டரி." அந்த ஆளும் கரும்பை வைத்துவிட்டு அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். அம்மா சிரித்த சிரிப்பில் என் அழுகையும் போய்விட்டது.

"நீ கவலப்படாத சாமி. ரெண்டு லோடு சேத்து அடிச்சா ஆச்சு" என்றார் அப்பா என்னிடம். சாயங்காலத்துக்குள் லாரி ஆபீஸ் முழுக்கச் செய்தி போய்விட்டது. என் கட் ஆஃபை எல்லோரும் மறந்தே போனார்கள்.

அந்தச் சான்று இல்லாமலே விண்ணப்பம் போனது. முதல் கவுன்சிலிங்கில் வெயிட்டிங் லிஸ்ட். இரண்டாவதில், நாங்கள் வேண்டிக்கொண்டபடி அரசு கல்லூரியே கிடைத்தது. அப்பா லோடும் அடித்தார், ஃபீஸும் கட்டினார்.

இப்போது எல்லாமே மாறிவிட்டது. நீட் விண்ணப்பத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் போட்டு, பணமும் போனிலேயே கட்டிவிடுகிறார்கள். டிடி என்றால் என்னவென்று என் அண்டை வீட்டுப் பெண் கேட்கிறாள். வேலை சுலபம்தான். ஆனால் ஒரு சர்டிஃபிகேட்டுக்காகக் குடும்பமே கிளம்பிப் போய், வெயிலில் நின்று ஜூஸ் குடித்துவிட்டு வருவது அவர்களுக்கு வாய்க்கவில்லை...

அம்மா போன வருடம் எம்.ஏ. சேர்ந்திருக்கிறார். அப்பா லாரியை விட்டாயிற்று. பரீட்சைக்கு அவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறார். போன முறை நானும் போனேன். கேட்டுக்கு வெளியே நின்ற ஒருவர் அப்பாவிடம், "பையனுங்களா, பொண்ணுங்களா, யாரு எழுதறாங்க?" என்று கேட்டார்.

"ஊட்டுக்காரம்மாங்க" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, கையில் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல், கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.