கடைசிக் குடத்தில் உப்பு

"ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், திங்கட்கிழமை, நடுப்பகல். குடிநீர்த் தொட்டியின் மேற்குச் சுவரில் மயிரிழை விரிசல் இரண்டு. தூண்டிலுக்குக் கட்டும் மெல்லிய தங்கூசி நரம்பை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை."

இது என் குறிப்பேட்டில் இருப்பது. மீஞ்சூர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் ஏறுவது, முகத்துவாரம் தூர்வது, எங்கள் குப்பத்தில் என்ன உடைந்தது, யார் சரிசெய்தார்கள் என்று எல்லாவற்றையும் நாள் கிழமையோடு எழுதி வருகிறேன். அந்தப் பதிவின் கடைசி வரியைத்தான் இப்போது கூச்சமில்லாமல் படிக்க முடியவில்லை.

எங்கள் குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். வெளியிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீரைப் பாதி மண்ணுக்குள் இறங்கிய ஒரு கான்கிரீட் தொட்டியில் தேக்கி, காலையில் மோட்டார் போட்டுக் குடம் குடமாக விடுவார்கள். அதன் சாவி எங்கள் தெருப் பெண் ஒருத்தரிடம் இருந்தது. கணவர் முட்டிவலியால் ஏரிக்குப் போவதை விட்ட பிறகு, ஊராட்சி கொடுத்த அந்த வேலையை வைத்துத்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கார்த்திகையில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. எல்லாக் குடமும் அல்ல. முதலில் பிடித்தவர்களுக்கு நல்ல தண்ணீர். வரிசையின் கடைசியில் நின்றவர்களுக்கு உப்பு.

"இன்னாடி, ஏரியவே மொண்டு ஊத்துறியா?" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெண்.

"கொழம்புக்கு உப்பு மிச்சம்னு நெனச்சிக்கோக்கா," என்றார் சாவிக்காரப் பெண். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் போன என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, நீதான் அந்த வெடிப்ப அளந்து பாத்த. அதுலேருந்து வருதாண்ணா?"

"அது மயிரிழைம்மா. தானா மூடிக்கும். புஸ்தகத்துலயே இருக்கு," என்றேன்.

"புஸ்தகத்துல இருந்தா சரிதாண்ணா."

புத்தகத்தில் இருந்தது உண்மைதான். விரிசலில்லாத கான்கிரீட்டிலும் தண்ணீர் மிக மெதுவாக ஊறும். மெல்லிய, அசையாத விரிசல் என்றால், உள்ளே மிஞ்சிய சிமெண்டும் சுண்ணாம்பும் நனைந்து வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். இதைப் படித்திருந்த பெருமையில், அடுத்த பக்கத்தில் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. விரிசலின் அகலம் இரண்டு மடங்கானால் அதன் வழியே போகும் தண்ணீர் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. நான் அளந்ததோ நடுப்பகலில், வெயிலில் கான்கிரீட் விரிந்து விரிசல் நெருங்கியிருந்தபோது; அதுவும் மண்ணுக்கு மேலே தெரிந்த துண்டை மட்டும்.

விரிசல் இல்லையென்றால் ஆள்தான் என்று முடிவு கட்டினேன். தொட்டிக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவுவதற்கான உப்புத் தண்ணீர் போர்க்குழாய் இருந்தது. யாருக்கும் இல்லையென்று சொல்லாமலிருக்க, சாவிக்காரப் பெண் கடைசியில் அந்தத் தண்ணீரைக் கலக்கிறார் என்று நினைத்தேன். ஊராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். "தொட்டியை நேரில் அளந்து பார்த்ததில் குறை ஏதும் இல்லை, எனவே சாவி வைத்திருப்பவரை விசாரிக்க வேண்டும்" என்று. கையெழுத்துப் போடவில்லை. தேதியும் போடவில்லை. பால் வாங்கினால்கூடத் தேதி எழுதுகிறவன் நான்.

தை பிறப்பதற்குள் சாவி வேறொருவரிடம் போனது. தண்ணீர் மட்டும் மாறவில்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடலோடு சேர்ந்து ஏரியும் ஏறும் நாட்களில் இன்னும் கரித்தது.

மாசியில் சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார்கள். தொட்டியை முழுக்க இறைத்துவிட்டு ஏணி வைத்து இறங்கினார். என்னையும் கூப்பிட்டார். டார்ச் வெளிச்சத்தில் மேற்குச் சுவரில் இரண்டு கோடுகளும் தரைவரை இறங்கியிருந்தன.

"சார், இத பாருங்க. வெள்ளையா மூடிக்கிச்சி. இது ஒண்ணும் பண்ணாது," என்று ஒன்றைத் தடவினார். பிறகு மற்றதைக் காட்டினார். அது பழுப்பாக இருந்தது. "இது மூடல. உள்ள கம்பி துரு புடிச்சி ஊதுது, ஊத ஊத வாய தொறக்குது."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டின் அடிப்பகுதியில் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பி வழிந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"தொட்டி ரொம்பியிருக்கறப்போ உள்ள தண்ணி எதுத்து நிக்குது. கொறஞ்சா வெளி தண்ணி உள்ள வருது. கடைசி கொடம் கரிக்காம இன்னா பண்ணும்?"

ஏணியில் ஏறி வெளியே வந்தேன். விரிசலைப் பற்றி ஊராட்சிக்கு அன்றே எழுதினேன், கையெழுத்தும் தேதியும் போட்டு. முந்தைய மனுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. விரிசலை அடைத்தார்கள், சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தொட்டியில் மறுபடி தண்ணீர் விட்ட மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மீஞ்சூரில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் துலக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். சுவரில் பார்த்ததைச் சொன்னேன்.

"அப்படியா," என்றார். "எங்க ஊட்டுக்காரு தெனம் திட்டுவாரு, டீயே கரிக்குதுன்னு."

"உங்க வீட்டுக்குமா?"

"சாவி வச்சிருக்கறவ மொதல்ல புடிச்சா நாலு பேரு பேசுவாங்கண்ணா. எல்லாருக்கும் உட்டுட்டு கடைசி கொடம்தான் நாங்க எடுப்போம்."

இதை ஒரு நாள் நின்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஏரி ஏறுவதைக் கவனித்து எழுதிய நான், அவர் எந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று கவனிக்கவில்லை.

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னேண்ணா. வெடிப்புலேருந்துதான் வருதுன்னு சொன்னேன். தொட்டி நல்லாத்தான் இருக்குன்னு யாரோ அளந்து பாத்து எழுதிக் குடுத்துகிறாங்கன்னாங்க." அவர் குனிந்து டிபன் டப்பாவை எடுத்துக் கழுவத் தொடங்கினார். "டீ குடிக்கிறியாண்ணா? இப்ப நல்ல தண்ணிதான்."

குடித்தேன். அந்த "யாரோ" நான்தான் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே எழுந்து வந்தேன்.

அவர்களுடைய ரேஷன் கார்டு விண்ணப்பம், கணவரின் ஆஸ்பத்திரித் தாள்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவன் நான். என் எழுத்து அவருக்குத் தெரியும். ஊராட்சி அலுவலகத்தில் அந்த மனுவை அவரிடம் காட்டினார்களா, வாயால் மட்டும் சொன்னார்களா என்பதை நான் இதுவரை சரிபார்க்கவில்லை. அங்கே போய்க் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.