வெள்ளைக் காரின் முதல் ஓட்டம்

என் அக்கா ஜீவராணி தன் ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சொந்தக் காரில் ஏறிப் போனாள். ஓட்டினவன் நான். அதைப் பற்றித் தோட்டத்தில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் மட்டும்தான் இன்னும் ஒழுங்காகப் பேசவில்லை.

என் பெயர் தயாபரன். தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பதுளைக்கு ஏற்றி இறக்கும் வேன்காரன். இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அக்காவிடம் மட்டும் அது செல்லாது. "வேனுக்கு ஒரு ஹாரன் போதும்டா, நீ வேற எதுக்கு?" என்று ஒரே பேச்சில் என் வாயை அடைத்துவிடுவாள்.

முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவள் அவள். அவள் புருஷன் புவனேந்திரன் மச்சான் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். அன்றைக்கு நான் வேனோடு வெளியூர் ஓட்டத்தில் இருந்தேன், வேறு வண்டியும் கிடைக்கவில்லை. கொழுந்து ஏற்றும் லொறியில், சாக்குகளுக்கு நடுவே கிடத்தித்தான் கொண்டுபோனார்கள். பதுளை டவுனுக்குள் நுழையும்போதே மூச்சு நின்றுவிட்டது. அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அந்த லொறியில் உட்கார்ந்திருந்தது அவர்களுடைய ஒரே மகள் நிஷாந்தினி. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அந்தப் பிள்ளைதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதன்முதலில் யூனிவர்சிட்டி கம்பஸுக்குப் போனது. இப்போது கொழும்பில் ஒரு பெரிய கம்பெனியில் கணக்காளர். கம்பஸ் கிடைத்தபோது தோட்டத்து வாசலில் அவள் படம் போட்டு பேனர் கட்டினார்கள். மழையிலும் வெயிலிலும் கிடந்து பாதி முகம் வெளுத்துப்போன பிறகும் அக்கா அதை அவிழ்க்க விடவில்லை. பைப்படியில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது கரட் விலையில் பேச்சு தொடங்கினாலும் சரி, மண்சரிவில் தொடங்கினாலும் சரி, அக்கா அதை மகளிடம் கொண்டுவந்துதான் முடிப்பாள். நான் கேலி செய்தால், "ஒன் மகன் பாஸ் பண்ணட்டும், நீயும் பேசு" என்பாள். என் மகன் மூன்று தடவை பரீட்சை எழுதிவிட்டு பண்டாரவளையில் போன் திருத்தும் கடையில் இருக்கிறான். அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

இரண்டு வருஷமாக அக்காவுக்கு பிரஷர், சீனி வியாதி இரண்டும் இருந்தன. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக் கொப்பியை பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போவாள். போன சித்திரைக்கு வந்த நிஷாந்தினி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"மாமா, அப்பா போன மாதிரி அம்மா லொறியில போகக் கூடாது. வாசல்ல ஒரு வண்டி நிக்கணும். அடுத்த லயத்துல நீங்க இருக்கீங்க, ஓட்டுவீங்க. எனக்கு அது போதும்."

அப்படி வந்ததுதான் அந்தக் கார். பழைய ஆல்டோ, வெள்ளை நிறம். பதுளையில் கார் விற்கும் றில்வான் ஒரு வெள்ளிக்கிழமை அதைத் தானே ஓட்டிவந்து லயத்துக்கு முன்னால் நிறுத்தி, சாவியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா சாவியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவன் கொண்டுவந்து விடுவது கணக்கில் வராது. வீட்டு ஆள் ஏறி முதன்முதலில் ஓடுகிற ஓட்டம் கோயிலுக்குத்தான் இருக்க வேண்டும். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கி, தேங்காய் உடைந்து, சந்தனம் வைத்த பிறகுதான் மற்ற எந்த வழியும். முதல் ஓட்டமே ஆஸ்பத்திரிக்கோ சாவு வீட்டுக்கோ போன வண்டி அதே வழியில்தான் திரும்பத் திரும்ப ஓடும் என்பார்கள். என் வேனுக்கும் நான் அப்படித்தான் செய்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. என் ஓட்டம் நல்ல ஓட்டம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, எலுமிச்சம்பழம்தான் என்று நினைத்தேன்.

நிஷாந்தினிக்கு பௌர்ணமி லீவில்தான் வர முடியும். அவள் வந்ததும் கோயிலுக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. ஒன்பது நாள் கார் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. அக்கா தினமும் தார்ப்பாயை விலக்கி, பழைய சேலைத் துணியால் துடைப்பாள். ஒருநாள் முன் கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்து பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏசினேன்.

"ஒரு கால் வெளிய வச்சிருக்கேன் பாரு. இது ஏறுன கணக்கில்ல" என்றாள்.

அந்த வாரம் புதன்கிழமை காருக்குச் சாமான் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு பதுளை கடைத்தெருவுக்குப் போனாள். லத்தீப் நானாவின் கடையில் சீட் கவர், காலுக்கு மெட், முன்னால் ஒட்டிவைக்கச் சின்னப் பிள்ளையார், துடைக்க மஞ்சள் துவாய் என்று வாங்கிக்கொண்டே போனாள். ஒரு சுவெட்டரைக் கையில் எடுத்து, தடவிப் பார்த்து, திரும்ப மடித்து வைத்தாள். அவள் போட்டிருந்த சுவெட்டருக்கு முழங்கையில் இரண்டு ஓட்டை.

"காருக்கு இவ்வளவு வாங்குறீங்க, ஒங்களுக்கு ஒண்டும் வாணாமா?" என்று நானா சிரித்தார்.

"காருக்கு உள்ள என்ன குளிரா நானா?" என்றாள் அக்கா.

பஸ் ஸ்டாண்டுக்கு ஏறும் வழியில் மூன்று இடத்தில் நின்றாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுதுடா" என்றாள். பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் நான் சத்தம் போட்டேன். "கேஸாத்தான் இருக்கும், நடக்கா" என்றேன். அவளும் நடந்தாள். இன்றைக்கும் அந்த ஏற்றத்தில் போக எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியாயி ஓடிவந்து, "தம்பி, ஒங்க அக்காவுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். போய்ப் பார்த்தால் அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல குளிரில் முகமெல்லாம் வேர்வை. இடது தோளும் தாடையும் வலிக்கிறது என்றாள். என் வேன் கியர்பெட்டி இறங்கி ஒரு வாரமாகப் பதுளையில் கராஜில் கிடந்தது. ஓட்டோக்காரன் போன் எடுக்கவில்லை. நான் சாமிப் படத்துக்கு முன்னாலிருந்த சாவியை எடுத்தேன்.

அக்காவைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தேன். இந்தத் தடவை இரண்டு காலும் உள்ளே. பெரியாயி கூட வருகிறேன் என்றாள். அக்காதான், "வேணாம், நீ வீட்டப் பாத்துக்க" என்றாள். லயத்தைத் தாண்டி வந்ததும் மெதுவாகக் கேட்டாள்:

"கோயிலுக்குப் போகாமயாடா போறோம்? புள்ள ஆசையா வாங்குன கார்."

மூன்று மைல் இறங்கினால் ஒரு முச்சந்தி வரும். நேராகப் போனால் பதுளை ரோட். இடது பக்கம் திரும்பி ஒரு மைல் ஏறினால் மாரியம்மன் கோயில். வேண்டாம் அக்கா, நேராகப் போவோம் என்று சொல்ல வேண்டியவன் நான். நோயாளிக்கு என்ன தெரியும், வண்டி ஓட்டுகிறவன் அல்லவா முடிவெடுக்க வேண்டும்? ஆனால் அந்த முச்சந்தியில் எனக்கும் பயம் வந்தது. நெஞ்சு வலியை நினைத்து வந்த பயமில்லை. முதல் ஓட்டத்தை நினைத்து வந்த பயம்.

"ரெண்டு நிமிஷம்தானேக்கா" என்று சொல்லி இடது பக்கம் திருப்பினேன்.

கோயில் பூட்டியிருந்தது. பூசாரி தம்பையா கீழே தோட்டத்தில் லீக்ஸுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் காரில் விட்டுவிட்டு நான் ஓடினேன். அவர் கை கால் கழுவி, வேட்டி மாற்றி, மேலே ஏறி வந்தார். எலுமிச்சம்பழம் இல்லை, அதற்கு இன்னொரு வீட்டுக்கு ஓடினேன். அவர் மந்திரத்தைக் குறைக்கவில்லை, நானும் குறைக்கச் சொல்லவில்லை. நாலு சக்கரத்திலும் பழம் நசுங்கியது. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. பூசாரி கண்ணாடி வழியாகக் கையை விட்டு அக்காவின் நெற்றியில் திருநீறும் சந்தனமும் வைத்தார். அக்கா கண்ணை மூடிச் சிரித்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்று நான் முழுதாக நம்பினேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நிமிஷம் முக்கால் மணி நேரமாகியிருந்தது. ஹாலிஎல தாண்டும்போது அக்காவின் தலை என் பக்கம் சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது மூச்சு இருந்தது. ஒரு டொக்டர் பிள்ளை ஓடிவந்து, வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "இப்பத்தாங்க. நேரா வந்தோம்" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு அக்கா போய்விட்டாள். முக்கால் மணி நேரம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

"நேரா வந்தோம்" என்ற அந்தச் சொல் எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "தயாபரன் பறந்து போயிருக்கான், அப்பவும் விதி விடல்ல" என்று சாவு வீட்டுக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பூசாரி தம்பையா வந்தார், என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது நான் காரைக் கழுவினேன். சக்கர இடுக்கில் சிக்கியிருந்த எலுமிச்சை விதைகளைக் குச்சியால் தோண்டி எடுத்தேன். பூசாரி பொனட்டில் போட்ட மாலையைத் தண்ணீர் ஓடும் கானில் வீசினேன்.

நிஷாந்தினி கொழும்பிலிருந்து வந்தாள். கையில் ஒரு புதுச் சேலை, மாம்பழ நிறம், விலைத்துண்டு கூட அறுக்கவில்லை. அதைத்தான் அம்மாவுக்குக் கட்டச் சொன்னாள். என் தோளில் சாய்ந்து, "மாமா, நீங்க இருந்ததாலதான் அம்மா லொறியில போகல்ல" என்றாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். முடியவில்லை. பதினாறு நாள் அந்தப் பிள்ளையின் முகத்தை நேரே பார்க்காமல் சமாளித்தேன். விறகு வெட்டினேன், பாத்திரம் கழுவினேன், யார் மீதும் எரிந்து விழவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என் சம்சாரமே பயந்தாள்.

கருமாதி முடிந்த அடுத்த நாள் காலை நிஷாந்தினி கொழும்புக்குத் திரும்ப வேண்டும். பதுளை ஸ்டேஷனுக்குக் காரில்தான் கூட்டிப்போனேன். அவள் அம்மா உட்கார்ந்த சீட்டிலேயே உட்கார்ந்தாள். முச்சந்தி வந்தது.

"மாமா, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றாள்.

நிறுத்தினேன். அவள் இடது பக்கத்து ஏற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், லீக்ஸ் தோட்டத்தையும் எலுமிச்சம்பழத்துக்கு ஓடியதையும் கூட. நாற்பத்தொன்பது வயது மனுஷன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவள் ஏசுவாள், அடித்தாலும் தகும் என்று காத்திருந்தேன்.

"தெரியும் மாமா" என்றாள். "கோயில் மேட்டுல சிக்னல் வரும்தானே. நீங்க பூசாரியக் கூப்புடப் போனப்ப அம்மா எனக்குக் கோல் எடுத்தாங்க."

நான் நிமிர்ந்தேன்.

"முன் சீட்டுல உக்காந்திருக்கேன், கோயிலுக்கு வந்திருக்கோம்னு சொன்னாங்க. அப்படியே டவுனுக்குப் போயி கிளினிக்குல காட்டிட்டு வருவோம்னாங்க. கொரல் வேற மாதிரி இருந்திச்சு." அவள் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "ஞாயித்துக்கிழம கிளினிக் இல்லன்னு எனக்குத் தெரியாதா மாமா? என்னம்மா செய்யுதுன்னு கேட்டிருக்கணும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லியிருக்கணும். நான் அப்ப சேலைக் கடையில நின்னேன். பௌர்ணமிக்கு அம்மா கட்டணும்னு ரெண்டு சேலைய விரிச்சுப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். இதப் பாத்து முடிச்சிட்டு எடுக்குறேம்மான்னு வச்சுட்டேன்."

 பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நானும் ரெண்டு நிமிஷம்தானேன்னுதான் நெனச்சேன்."

 அவள் தலையில் கையை வைத்தேன். பின்னால் வந்த பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஸ்டேஷனுக்கு நேராகப் போனோம்.