வெண்டெல் ஒட்டிய வயிறு

லோர்னா டீச்சவுட் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. வடக்கு மிச்சிகனில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஜூன் பிறந்தால் துணிக்கொடியில் வெள்ளைப் போர்வையைக் கட்டி, விளக்கை மாட்டி, வந்து உட்காரும் விட்டில்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பாள்.

போன ஜூனில் நகமளவு சாம்பல் விட்டில் ஒன்று சிக்கியது. அதே நிறத்தில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று எங்கும் கிடக்கும். மற்றது சதுப்பில் மட்டுமே வாழும் அபூர்வம். சிறகைப் பார்த்துச் சொல்ல முடியாது. வயிற்று நுனியை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அபூர்வமானது என்றால், எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருந்த சதுப்பைத் தூர்த்துக் கிடங்கு கட்டப் பார்த்த கம்பெனிக்கு அனுமதி கிடைக்காது.

அதையும் வேறு சில விட்டில்களையும் பெட்டியில் வைத்து, ஆய்வாளரிடம் சேர்க்கச் சொல்லி வெண்டெல் கைப்பர்ஸிடம் கொடுத்தாள் லோர்னா. பூச்சிச் சங்கத்துக்காரன், சுத்தப் பைத்தியம். பதில் வந்தது: பூச்சி ஆண், அதன் வயிறு பெண்ணுடையது.

அவனைச் சமையலறைக்கு வரவழைத்தாள்.

"பசை வச்சியா, வெண்டெல்?"

"வண்டி குலுங்கினதுல ரெண்டு பூச்சிக்கு வயிறு கழண்டு கெடந்துது. எல்லாரும் ஒட்டுறதுதானே? முழுசா இருந்ததை எடுத்து ஒட்டினேன்."

"இன்னொண்ணு?"

"நசுங்கியிருந்துது. ஊதித் தள்ளிட்டேன்."

இனத்தைச் சொல்லும் வயிறே காற்றோடு போயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உன் வாயைத்தான் மொதல்ல ஒட்டியிருக்கணும்" என்றேன். லோர்னா அவன் காப்பியைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள்.

குளிர்காலத்தில் ஊர்மன்றத்தில் சதுப்பைத் தூர்ப்பது பற்றி விசாரணை. வெண்டெல் தானாக எழுந்து, "அது அபூர்வமானதுதாங்க" என்றான். அதிகாரி லோர்னாவைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும், சதுப்பு பிழைத்துவிடும்.

"தெரியாது" என்றாள். "நீ உக்காரு வெண்டெல். ஊதுறப்போ நீ பாக்கவே இல்லையே."

காரில் ஏறியதும் நான் கத்தினேன். "ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? தெரியாததுக்கு நான் எப்படிப் பேர் வைப்பேன்?" ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி அழுதாள். எனக்கு அவள்மேலும் கோபம்தான்.

மே மாதமே மண் லாரிகள் வந்து சதுப்பை மூடிவிட்டன. ஜூனில் அவள் போர்வை கட்டினாள், வீம்புக்கு. ஒரே ஒரு சாம்பல் விட்டில் வந்து உட்கார்ந்தது. இம்முறை மடியில் வைத்து ஆய்வாளரிடம் தானே கொண்டுபோனாள்.

அபூர்வமானதுதான்.

ஆய்வாளர் எழுதிக்கொடுத்த காகிதத்தை அவள் என்னிடம் நீட்டினாள். நான் நேரே போய் வெண்டெல் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன், நிறையப் பசை வைத்து.