சிவப்புப் பூவும் ஈரல் ஊசியும்

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வேலணையில் நாலு பேர் கதைத்த காலம் ஒன்று இருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானே அப்படித்தான் நினைத்தேன். நயினாதீவு அம்மாளை நம்பி வாழ்கிற உங்களிடம் அதைச் சொல்லிவிட வேண்டுமென்று பல வருடமாக எண்ணம். இப்போது 1976. நினைவு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

அது 1962ஆம் ஆண்டு. எனக்கு முப்பத்தேழு வயது. என் கணவர் தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்தார்; பொங்கலுக்கும் திருவிழாவுக்கும்தான் ஊருக்கு வருவார். வீட்டில் நானும் பதினான்கு வயது மகள் புவனாவும். முதலில் கால் விறைத்தது. நடக்கும்போது செருப்பு கழன்று போனால்கூடத் தெரியாது. நாக்கு வெந்தது போல் எரிந்தது, உறைப்பு வாயில் வைக்க முடியவில்லை. பிறகு அந்த வருத்தம் தலைக்கு ஏறியது. உலையில் அரிசி போடாமலே சோறு வடிக்கப் போனேன். ஒருநாள் ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறிவிட்டு, எதற்கு ஏறினேன் என்று தெரியாமல் கடைசித் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். கொண்டக்டர்தான் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

அதையெல்லாம் தாங்கலாம். ஒரு பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு புத்தகங்களோடு ஒரு பெண்பிள்ளை வந்தாள்.

"ஆர் பிள்ளை நீ? ஆரைத் தேடி வந்தனீ?" என்று கேட்டேன்.

"அம்மா, நான் புவனா."

அவள் அழவில்லை. குசினிக்குள் போய் எனக்குத் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

மறதிக்கு வல்லாரை என்று எல்லோரும் சொன்னார்கள். வல்லாரைச் சம்பல், வல்லாரைச் சாறு, முருங்கையிலை என்று எதையும் விடவில்லை. என் கணவர் காலியிலிருந்து இரும்புச்சத்து டொனிக் போத்தல் போத்தலாக அனுப்பினார். எல்லாம் குடித்தேன். பல் கறுத்ததுதான் கண்ட பலன். வல்லாரையிலும் டொனிக்கிலும் பிழையில்லை. என் உடம்பில் குறைந்திருந்தது வேறொன்று.

அதைக் கண்டுபிடித்தவர் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி டொக்டர். என் நாக்கைப் பார்த்தார். பாதத்தில் ஊசி முனையால் குத்தி, நோகிறதா என்று கேட்டார். இரத்தத்தை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிச் சோதித்துவிட்டு என்னையும் புவனாவையும் கூப்பிட்டார்.

"உங்கட வயிறு சாப்பாட்டில இருந்து ஒரு சத்தை எடுக்குதில்லை. அது இல்லாட்டி இரத்தமும் ஊறாது, நரம்பும் மூளையும் ஒழுங்கா வேலை செய்யாது. குளிசையிலையோ சாப்பாட்டிலையோ சரிவராது. ஊசியாத்தான் குடுக்கவேணும். சீவியம் முழுக்கப் போடவேணும்" என்றார்.

"என்ன மருந்து, டொக்டர்?"

"ஈரலில இருந்து எடுக்கிற சத்து."

"எதின்ர ஈரல்?"

அவர் குனிந்து கடதாசியில் ஏதோ எழுதத் தொடங்கினார். மாட்டின் ஈரல் என்று எனக்கு விளங்கிவிட்டது.

இங்கேதான் நான் என் நேர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புவனாவுக்கு மூன்று வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தது. பிள்ளை தப்பாது என்று பரியாரியாரே கையை விட்ட அன்று நயினாதீவு அம்மாளை நினைத்து அழுதேன். "பிள்ளையைத் தா, இனிச் சீவியத்தில் மச்சம் தொடமாட்டேன்" என்றேன். தீவுக்காரியான நான் மீனில்லாமல் ஒருவேளை சாப்பிட்டு அறியாதவள். பிள்ளை பிழைத்தாள். அன்றிலிருந்து மீனும் இறைச்சியும் என் வாயில் படவில்லை. வருத்தம் அதனால் வந்ததல்ல, வயிற்றில்தான் பிழை என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் என் பயம் வேறு. ஈரல் ஊசி உடம்பில் ஏறினால் நேர்த்தி முறிந்துவிடும். முறிந்தால் அம்மாள் தந்த பிள்ளையைத் திருப்பிக் கேட்பாள். போடாவிட்டால் அந்தப் பிள்ளையின் முகமே எனக்குத் தெரியாமல் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் புவனாவை இழக்கப் போகிறேன் என்று தோன்றியது.

திருவிழாவுக்கு வந்த என் கணவர்தான் வழி சொன்னார். "இஞ்சரும், நாங்கள் முடிவெடுக்க வேண்டாம். அம்மாளிட்டப் பூக்கட்டிக் கேப்பம்."

வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியே இலையில் பொதிந்து, எது வந்தால் என்ன என்று மனதுக்குள் நினைத்து, சந்நிதியில் வைப்பது. வெளியே சொல்லக் கூடாது. ஒரு பிள்ளை ஒரு பொதியை எடுக்கும். வந்ததுதான் அம்மாளின் சொல். ஒருமுறை கேட்டதைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

மூன்று பேரும் புங்குடுதீவு வரை பஸ்ஸில் போய், வள்ளத்தில் நயினாதீவுக்குக் கடந்தோம். நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். பொதிந்து ஐயரிடம் கொடுத்துவிட்டு, மனதில் நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். பூசை நடந்தது. மணி அடித்தது. புவனா ஒரு பொதியை எடுத்து அவிழ்த்தாள்.

"சிவப்பு, அம்மா."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சிவப்பென்றால் போடு என்று நினைத்தேனா, வேண்டாம் என்று நினைத்தேனா? மனம் வெறுமையாகக் கிடந்தது.

"தெரியேல்லை, பிள்ளை. மறந்துபோனன்" என்றேன்.

ஐயர் பரிதாபமாகப் பார்த்தார். "மனசில நினைச்சது உங்களுக்குத்தானே தெரியும், அம்மா" என்றார்.

அந்த இடத்திலேயே விழுந்து அழுதேன். வெட்கம் பார்க்கவில்லை. "தாயே, நீ சொன்னதை வைத்திருக்க எனக்கு மூளை இல்லை. அதை முதலில் தா. பிறகு நீ என்ன சொன்னாலும் செய்கிறேன்." அதைத் தவிர வேறு மன்றாட்டு அன்று என்னிடம் இருக்கவில்லை.

திரும்பும் வள்ளத்தில் என் கணவர் கரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "ஊசியைப் போடும். நீர் இருந்தும் இல்லாத வீட்டுக்கு என்னால வர ஏலாது."

போட்டேன். ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு புவனாவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்கின் எரிவு முதலில் நின்றது. பிறகு ஒருநாள் முற்றத்து மணல் காலில் குத்தியது. அப்படிச் சந்தோஷமாக நான் நொந்ததில்லை. ஒன்றுவிட்ட சொந்தங்களின் பிள்ளைகள் பெயர்கூட ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தது. அம்மாள் கேட்டதைத் தந்துவிட்டாள்.

மாரி தொடங்கிய ஒரு காலை, பூசைக்கு நந்தியாவட்டை பறித்துக்கொண்டு நின்றேன். ஒரு யோசனையும் இல்லாமல் நின்றபோது அது வந்தது. வெள்ளையென்றால் போடலாம். சிவப்பென்றால் வேண்டாம். அப்படித்தான் நினைத்திருந்தேன். தட்டம் கையிலிருந்து விழுந்துவிட்டது.

அன்று புவனா மழையில் நனைந்து வந்து தும்மினாள். எனக்கு உயிர் போய் வந்தது. அடுத்த ஊசிக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் ஏன் என்று அவள் விடாமல் கேட்டதால் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையைத் துவட்டியபடி கேட்டாள்.

"நான் பனங்கட்டி எடுக்கேக்க, கூடாது எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் மற்றப் பக்கம் திரும்பி நிக்கிறனீங்கள். நிக்கிறேல்லையே?"

"அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"அம்மாளும் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பியிருக்கிறா. இல்லாட்டி தன்ர சந்நிதியில வைச்சே உங்களை மறக்க விட்டிருப்பாவே?"

மழை விட்டதும் மறுபடி நயினாதீவுக்குப் போனேன். "சொன்னது இப்போது தெரியும், தாயே. என்னைத் தடுக்க வேண்டுமானால் தந்த நினைவைத் திருப்பி எடு. பிள்ளையைத் தொடாதே" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியும் போட்டுக்கொண்டேன். அம்மாள் இன்றுவரை எதையும் எடுக்கவில்லை.

சில வருடங்களின் பின் ஈரலிலிருந்து எடுக்காத மருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. அதே சத்துத்தான், நிறம் மட்டும் சிவப்பு. என் கணவர் அந்த நிறத்தில் பெரிய அர்த்தம் கண்டார். எனக்கு மருந்தின் நிறம் மருந்தின் நிறம்தான். மாதம் தவறாமல் போடுகிறேன். மச்சம் இன்றும் வாயில் வைப்பதில்லை. புவனா இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். பேரப்பிள்ளைகளின் பெயரை நான் மாறிக் கூப்பிட்டால், "அம்மா, ஊசிக்கு நாள் வந்திட்டுதோ?" என்று பகிடி பண்ணுகிறாள்.

உங்களில் யாருக்காவது இப்படி மறதி வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வல்லாரையும் சாப்பிடுங்கள், டொக்டரிடமும் காட்டுங்கள், அம்மாளிடமும் போங்கள். அங்கே வேண்டாம் என்று ஒரு சொல் வந்தால் உடனே பயந்து திரும்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நின்று, சொல்லிவிட்டு அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பாருங்கள்.